சென்னையா, சிங்கப்பூரா, ஜெனிவாவா? யாழ்ப்பாண மாணவரின் கல்விப் பயணத்துக்கு எது பொருந்தும்

இறுதி ஆண்டில் ஒரு பட்ச் சேர்ந்து வெளிநாட்டுக் கல்விப் பயணம் போக நினைத்தால், யாழ்ப்பாணத்தில் மூன்று பெயர்கள்தான் முதலில் அடிபடும். சென்னை கிட்ட இருக்கிறது. சிங்கப்பூருக்கு விசா தேவையில்லை. ஜெனிவாவில் ஐ.நா. இருக்கிறது, அதோடு யாராவது ஒருவருடைய சித்தப்பாவோ கூடப் படித்தவரோ சுவிசில் இருப்பார். பேச்சு ஒரு கிழமை நடக்கும், பிறகு விமான ரிக்கற் விலையைப் பார்த்து முடிவெடுப்பார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது. ரிக்கற் விலை மொத்தச் செலவின் ஒரு பங்குதான். வேலைநாள் ஒன்றில், நீங்கள் பார்க்கப் போகும் நிறுவனத்தின் கதவை யார் திறந்துவிடப் போகிறார்கள் என்பதே முதற்கேள்வி. அதற்குப் பதில் இல்லாமல் புறப்பட்டவர்கள் நல்ல சாப்பாடும் படங்களுமாகத் திரும்பி வருகிறார்கள். அறிக்கை எழுத மட்டும் ஒன்றும் கிடைப்பதில்லை.

இங்கே எடுத்துக்கொண்டது எட்டு நாள் பயணம், ஆறு முதல் பத்து மாணவர்கள். பார்க்கும் அளவுகோல்கள் ஐந்து: நிறுவனங்களுக்குள் போவது எவ்வளவு உறுதி, விசா, கண்ணுக்குத் தெரியாத செலவு, சாப்பாடு, நண்பர்களோடும் உறவினரோடும் கழிக்கக் கிடைக்கும் நேரம்.

## ஒரு பார்வையில்

| | சென்னை | சிங்கப்பூர் | ஜெனிவா |
|---|---|---|---|
| விசா | தேவை. ஈ-விசா உண்டு | 30 நாள் வரை தேவையில்லை | ஷெங்கன் விசா. கொழும்பில் நேரில் விண்ணப்பம் |
| புறப்படும் இடம் | பலாலி (விமானம்), காங்கேசன்துறை (கப்பல்) | கட்டுநாயக்கா (கொழும்பு விமானநிலையம்) | கட்டுநாயக்கா, இடையில் விமானம் மாறவேண்டும் |
| நிறுவன அனுமதி | கடிதமும் தொலைபேசியும். தமிழிலேயே கதைக்கலாம் | பொதுக் காட்சியகங்கள் எளிது, அலுவலகங்கள் கடினம் | குழுக்களுக்கென்று ஒழுங்கான முறை உண்டு. முன்பதிவு கட்டாயம் |
| ஒருநேரச் சாப்பாடு, ஏறத்தாழ | 100–200 இந்திய ரூபா | 5–8 சிங்கப்பூர் டொலர் | கடையில் 20–25 சுவிஸ் பிராங்க் |
| படுக்கை, ஒருவருக்கு ஏறத்தாழ | 800–1,500 இந்திய ரூபா | 35–60 டொலர் | 40–60 பிராங்க் |
| மறைந்திருக்கும் தொல்லை | சி படிவம், ஓ.டி.பி., போக்குவரத்து நெரிசல் | நண்பர் வீட்டில் தங்கும் கட்டுப்பாடு | விசா மறுப்பு, கொழும்புப் பயணங்கள் |

## சென்னை: கதவு அதிகம், களைப்பும் அதிகம்

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் ஒன்றேகால் மணி நேரந்தான். 2019 நவம்பரில் தொடங்கிய சேவை கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில் திரும்பவும் வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது, 2025 மார்ச்சில் திருச்சிக்கும் பறக்கத் தொடங்கியது. பெரும்பாலும் ஏ.ரி.ஆர். ரகச் சிறிய விமானங்கள். பொதி எல்லையைப் பதிவு செய்யும்போதே பாருங்கள். மழைக்காலத்தில் தாமதமோ ரத்தோ வரலாம். போய் இறங்கும் நாளில் எந்த நிறுவனத்துக்கும் நேரம் கொடுக்காதீர்கள்.

காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ நான்கு மணி நேரம். வடகீழ்ப் பருவக்காற்று மாதங்களில் கடல் கொந்தளித்தால் சேவை நிற்கும். இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள்: நாகையிலிருந்து சென்னை ஏறத்தாழ 300 கி.மீ. கப்பலில் மிச்சம் பிடித்த காசில் ஒரு பகுதி இரவுப் பஸ்ஸில் போய்விடும், அடுத்த நாள் காலையும் தூக்கத்தில் போய்விடும். ஆனால் தமிழ், வரலாறு, தொல்லியல் படிப்பவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும். தஞ்சாவூரின் தமிழ்ப் பல்கலைக்கழகமும் சரசுவதி மகால் நூலகமும் நாகைக்கு அண்மையில். திருச்சி விமானநிலையத்திலிருந்தும் தஞ்சை 60 கி.மீ.க்கு உள்ளேதான். அவர்கள் சென்னையை விட்டுவிடுவதே நல்லது.

சென்னைக்குள் தரமணி என்ற ஒரு சுற்றுவட்டாரத்திலேயே இரண்டு நாள் வேலை இருக்கிறது. 1988இல் தொடங்கிய எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கண்டற்காடு, உவர்நில வேளாண்மை, கிராமத் தகவல் நிலையங்கள் பற்றி வேலை செய்தது. கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம் படிக்கும் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிட்டத்தில் இல்லை. அதே பகுதியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பழைய தமிழ் அச்சுநூல்களைப் பாதுகாத்துப் பிரதியெடுக்கும் முறையை அங்கே கண்ணால் பார்க்கலாம். பொது நூலகத்தை 1981இல் எரியக் கொடுத்த ஊரிலிருந்து போகும் நூலகவியல் மாணவர் அங்கே ஒரு முழு நாள் நிற்கவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவும் ஆசிய இதழியல் கல்லூரியும் பக்கத்தில்தான். முகாமைத்துவமும் மருத்துவமும் படிப்பவர்கள் மதுரைக்கு ஒரு இரவுப் பயணம் போட்டு, 1976இல் 11 கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார்க்கலாம். பணம் கட்டும் நோயாளியையும் கட்டமுடியாத நோயாளியையும் ஒரே மருத்துவர் குழு எப்படிப் பார்க்கிறது என்பதைப் படிக்கவே உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் அங்கே வருகிறார்கள்.

விடுமுறை நாட்களை முதலிலேயே குறித்துவையுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை பூட்டு, முட்டுக்காட்டு தட்சிணசித்ரா அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை பூட்டு. தைப்பொங்கல் கிழமையில் அலுவலகங்களில் ஆள் பிடிக்கமுடியாது.

இனித் தொல்லைகள். ஈ-விசா எல்லா நுழைவாயிலுக்கும் செல்லாது. அனுமதிக்கப்பட்ட விமானநிலையங்களும் துறைமுகங்களும் பட்டியலில் இருக்கும். கப்பலில் போக நினைத்தால் அதைப் பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள். சுற்றுலா விசாவில் போய் ஒரு நிறுவனத்தைச் சுற்றிப் பார்ப்பது ஒன்று, அங்கே பயிற்சி எடுப்பதும் கருத்தரங்கில் பேசுவதும் வேறு. எந்த விசா போதும் என்பதை அழைக்கும் நிறுவனத்திடமே எழுத்தில் கேளுங்கள்.

பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத விஷயம் சி படிவம் என்று பேர்பெற்ற தங்குமிடப் பதிவு. வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் எவரும், விடுதியானாலும் வீடானாலும், 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் பதியவேண்டும். "வளசரவாக்கத்தில் மாமி வீடு இருக்கு, அங்க படுக்கலாம்" என்று ஆறு பேர் போய் இறங்கினால், அந்தப் பொறுப்பு மாமியின் தலையில்தான் விழும். அவருக்கு அது தெரியாமலிருந்தால் கேள்வி கேட்கப்படுபவரும் அவர்தான். இரவு விடுதியில் தங்கிக்கொண்டு, மாலைச் சாப்பாட்டுக்கு மாமி வீட்டுக்குப் போவது எல்லோருக்கும் நிம்மதி.

அடுத்தது ஓ.டி.பி., அதாவது கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுக்குறி. ரயில் முன்பதிவு, வாடகைக் கார், உணவுச் செயலி எல்லாமே இந்தியக் கைபேசி இலக்கத்தைக் கேட்கும். சிம் எடுக்கக் கடவுச்சீட்டு, விசாப் பிரதி, படம் வேண்டும். உயிர்பெற நேரம் எடுக்கும். சின்னக் கடைகள் கியூ.ஆர். கட்டணத்துக்குப் பழகிவிட்டதால் 500 ரூபாத் தாளுக்குச் சில்லறை கிடைப்பதும் பாடு. 10, 20, 50 ரூபாத் தாள்களை முதல்நாளே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் சென்னையை மற்ற இரண்டும் நெருங்கமுடியாது. காலையில் திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் இட்லி கேட்டுப் பாருங்கள். தட்டில் இட்லியை வைத்து, அது மூழ்கும்வரை சாம்பாரை ஊற்றுவார்கள். கரண்டியால் வெட்டித்தான் சாப்பிடவேண்டும். சம்பலோடு உலர்ந்த இட்லி சாப்பிட்டுப் பழகிய எங்களுக்கு அது வேறொரு உணவு. மதியம் அளவில்லாச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு ஒரு நிறுவனத்தில் போய் இருந்தால் கண் சொருகும். சந்திப்புகளைக் காலை பத்துக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில் வையுங்கள். இடியப்பமும் புட்டும் கிடைக்கும், எங்கள் சொதி கிடைக்காது. வயிற்றோட்டம் வந்தால் குழுவே ஒருநாள் முடங்கும். மூடித் திறக்காத போத்தல் தண்ணீர் மட்டும், ஆளுக்கு நான்கு ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல்) பக்கற்.

## சிங்கப்பூர்: குறைந்த நாள், தெளிந்த பாடம்

விசா தேவையில்லை என்பதை "கேள்வி இல்லை" என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் குடிவரவுத் திணைக்கள இணையத்தளத்தில் நிரப்பவேண்டும், அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது வேறு யாருடையதோ. வாசலில் திரும்பும் ரிக்கற், தங்குமிட முகவரி, கையிருப்பு கேட்பார்கள். பீடாதிபதியின் கடிதம், நாள்வாரி நிகழ்ச்சி நிரல், நிறுவனங்களின் பதில் மின்னஞ்சல் மூன்றையும் அச்செடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். ஒருவர் கையில் எல்லாருடைய பத்திரமும் இருந்தால், அவர் முன்னால் போய்விட்ட பிறகு பின்னால் நிற்பவர் தடுமாறுவார்.

யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஒரு இரவு, அங்கிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரப் பறப்பு, இரண்டரை மணி நேர வித்தியாசம். இறங்கும் நாள் கணக்கில் இல்லை. எட்டு நாளில் கையில் கிடைப்பது ஐந்தரை நாள்.

அந்த ஐந்தரை நாளில் நகரத் திட்டமிடலும் தண்ணீரும் படிப்பவருக்குக் கிடைப்பது வேறெங்கும் இல்லை. மெக்ஸ்வெல் வீதியில் நகர மீள்அபிவிருத்தி ஆணையகத்தின் சிங்கப்பூர் சிற்றி கலரி இலவசம். முழு நகர மையத்தின் மாதிரியுரு அங்கே விரிந்து கிடக்கும். 2008இல் திறந்த மரீனா பராஜ், கடல் வாயை அணைகட்டி நன்னீர்த் தேக்கமாக மாற்றிய இடம். தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் மழைநீர் அங்கே வந்து சேர்கிறது. சுண்ணக்கல்லுக்குக் கீழே உவர்நீர் ஏறும் கிணறுகளைப் பார்த்து வளர்ந்து, தாளையடிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பையும் கண்ட மாணவருக்கு அந்த அணைக்கட்டின் மேல் நின்றபடி கேட்கப் பத்துக் கேள்வி இருக்கும். மொழி, சமூகம் பற்றிய படிப்புக்கு 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் கேம்பல் லேனில் உண்டு. அரசு அலுவலகங்களுக்குள் நுழைவது மட்டும் கடினம். பழக்கமில்லாத மின்னஞ்சலுக்கு மரியாதையான மறுப்பு வரும். பல்கலைக்கழகத் துறை ஒன்றின் விரிவுரையாளர் உங்கள் பொருளில் வேலை செய்பவராக இருந்தால், அவர் வழியாகக் கேட்பதே ஒரே நல்ல வழி.

இங்கே நண்பர் வீட்டில் தங்குவதைச் சட்டத்தோடு சேர்த்து யோசியுங்கள். வீடமைப்புக் கழக வீட்டை ஆறு மாதத்துக்கும் தனியார் வீட்டை மூன்று மாதத்துக்கும் குறைவாக வாடகைக்குக் கொடுக்கமுடியாது. ஆகையால் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் "ஒரு அறை, மூன்று இரவு" பெரும்பாலும் சட்டத்துக்குப் புறம்பானது. வாடகைக்கு அறை எடுத்திருக்கும் உங்கள் நண்பர் வீட்டுக்காரரைக் கேட்காமல் ஆள் தங்கவைத்தால் அவருடைய அறையே போகலாம். மாணவர் விடுதிகள் பல இரவு விருந்தினரை அனுமதிப்பதில்லை. லிட்டில் இந்தியாவில் ஒரு ஹொஸ்டல் எடுங்கள்.

சாப்பாடு ஹோக்கர் நிலையம் எனப்படும் மலிவு உணவுக்கடைத் தொகுதியில். தேக்கா நிலையத்தில் பிரியாணியும் அப்பமும் உண்டு. மேசையில் ஆளில்லாமல் ஒரு டிஷ்யூ பக்கற் கிடந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். எடுத்து ஒதுக்கிவிட்டு இருக்கவேண்டாம். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்கவேண்டும், அது சட்டம். ரெஸ்ரோரண்டில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 வீதம் சேவைக் கட்டணமும் 9 வீதம் வரியும் மேலே ஏறும்: 20 டொலர் சாப்பாடு கிட்டத்தட்ட 24 டொலர். எட்டுப் பேர் ஒரு பிறந்தநாள் விருந்து வைத்தால் அந்த வித்தியாசத்தில் நாலு முதல் ஆறு ஹோக்கர் சாப்பாடு வரும்.

ஞாயிறு மாலை சிலோன் வீதிச் செண்பக விநாயகர் கோயிலுக்குப் போங்கள். ஈழத்திலிருந்து போனவர்கள் எழுப்பிய கோயில் அது. நிறுவனங்களில் கிடைக்காத அறிமுகங்கள் அங்கே கிடைக்கலாம்.

## ஜெனிவா: அழைப்பு வந்த பிறகு மட்டும்

மூன்றிலும் அதிக ஆசை இதில்தான், அதிக இழப்பும் இதில்தான். ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, சேவை நிலையக் கட்டணம் வேறு. மறுத்தாலும் காசு திரும்பாது. கைரேகை கொடுக்கக் கொழும்புக்கு நேரில் போகவேண்டும். ஒரு பத்திரம் குறைந்தால் இன்னொருமுறை. ஆளுக்கு நான்கு இரவுப் பஸ் என்று கணக்கு வையுங்கள். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரிலிருந்து கொடுக்கலாம், குறைந்தது 15 நாளுக்கு முன்னராவது கொடுத்துவிடவேண்டும். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. கைச்செலவுக்கு நாளொன்றுக்கு 100 பிராங்க் காட்டவேண்டும். செல்லுபடியான மாணவர் அட்டை உள்ளவருக்கு 30 பிராங்க். வங்கிக் கணக்கில் விண்ணப்பத்துக்கு முதற்கிழமை திடீரென்று விழும் ஐந்து இலட்சம் உதவாது, சந்தேகத்தையே கூட்டும்.

சுவிசில் உள்ள உறவினர் பொறுப்பேற்றுக் கடிதம் கொடுத்தால் வேலை சுலபம் என்ற நம்பிக்கை ஊரில் இருக்கிறது. அந்தப் பொறுப்பேற்புப் பத்திரம் 30,000 பிராங்க் வரை அவரைக் கட்டுப்படுத்தும். கேட்கும் முன் அதை அவருக்குச் சொல்லுங்கள். தனித்தனியாக உறவினர் அழைப்பில் விண்ணப்பிப்பதைவிட, பல்கலைக்கழகத்தின் கடிதமும் அங்கே அழைக்கும் நிறுவனத்தின் கடிதமும் ஒரே நாளையும் ஒரே நோக்கத்தையும் சொன்னால் கோப்பு உறுதியாக இருக்கும்.

போக முடிந்தால், நிறுவனங்களைப் பார்க்க இதைவிட ஒழுங்கான ஊர் இல்லை. பலே டி நாசியோன் என்ற ஐ.நா. மாளிகையை வழிகாட்டியோடு பார்க்கலாம். இணையத்தில் முன்பதிவும் கையில் கடவுச்சீட்டும் வேண்டும், பிரதி போதாது. எதிரே செஞ்சிலுவை அருங்காட்சியகம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் ஒரே பகுதியில். பௌதிகவியல் மாணவருக்கு 18ஆம் இலக்க டிராம் கடைசியாக நிற்கும் இடமே சேர்ன் என்ற அணுத்துகள் ஆய்வுகூடம். 2023 ஒக்டோபரில் திறந்த அதன் காட்சியகமான சயன்ஸ் கேட்வே இலவசம், திங்கள் பூட்டு. பெரிய குழு என்றால் மாதக்கணக்கில் முன்னரே பதியுங்கள். விடுதியில் தங்குபவருக்கு நகரப் பஸ்ஸும் டிராமும் இலவச அட்டையில். உறவினர் வீட்டில் தங்கினால் அந்த அட்டை கிடைக்காது.

மாதம் முக்கியம். மனித உரிமைகள் பேரவையின் அமர்வு மார்ச்சிலும் செப்டெம்பரிலும் நடப்பது எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நாட்களில் அறை விலை ஏறும். அமர்வு மண்டபத்துக்குள் போக ஐ.நா. அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்று உங்கள் பெயரைப் பதிந்திருக்கவேண்டும். ஆகஸ்டில் அலுவலகங்கள் பாதி வெறிச்சோடும். உங்கள் சுவிஸ் நண்பர்களும் அப்போது நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் வந்துவிடுவார்கள். மே, ஒக்டோபர் நல்லது.

சாப்பாட்டுக்குச் சமையலறை உள்ள ஹொஸ்டல் எடுத்து, மிக்ரோ, கோப் போன்ற பல்பொருள் கடையில் அரிசியும் மரக்கறியும் வாங்கிச் சமையுங்கள். ஞாயிறு கடைகள் பூட்டு; சனி மாலையே வாங்கிவிடவேண்டும். கறித்தூள் கொண்டுபோகலாம். இறைச்சி, பாற்பொருட்கள், தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாத மாம்பழம், முருங்கைக்காய், கறிவேப்பிலை கொண்டுபோகமுடியாது. பேர்ணில் ஐரோப்பா பிளாட்ஸில் உள்ள சமயங்களின் இல்லத்தில் சைவக் கோயிலும் மதியச் சைவச் சாப்பாடும் ஒரே கூரையின்கீழ் உண்டு. ஜெனிவாவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. மலிவு ரிக்கற்றை முன்கூட்டியே எடுக்காவிட்டால் ஒருவழிக்கே ஏறத்தாழ 50 பிராங்க் போகும்.

உறவினரை நினைத்துப் பார்ப்பதும் எங்கள் கடமை. அங்கே பலர் இரண்டு வேலை செய்பவர்கள். உங்களுக்காக எடுக்கும் ஒரு நாள் லீவு அவர்களுக்கு ஒரு நாள் சம்பளம். அவர்களுடைய ஓய்வு நாளை முதலில் கேட்டு, அதைச் சுற்றி உங்கள் நாளை வையுங்கள்.

## யாருக்கு எது

முதன்முறை வெளிநாடு போகும் பட்ச் என்றால் சென்னை. விவசாயம், நூலகவியல், ஊடகம், முகாமைத்துவம் என்றால் ஐயமே இல்லை. பொறியியல், புவியியல், நகரத் திட்டமிடல் என்றால், ஒரு விரிவுரையாளரின் துணை கிடைத்தால் சிங்கப்பூர். கிடைக்காவிட்டால் அந்தக் காசுக்குச் சென்னையில் இரண்டு மடங்கு பார்க்கலாம். சட்டமோ பொதுச் சுகாதாரமோ படிக்கும் மூன்று நான்கு பேருக்கு, அழைப்பும் செலவில் ஒரு பகுதியும் வெளியிலிருந்து வந்தால் ஜெனிவா. பத்துப் பேராக, சொந்தக் காசில், உறவினரை மட்டும் நம்பி ஜெனிவாவுக்கு விண்ணப்பிக்கவேண்டாம். நாலு பேருக்குக் கிடைத்து ஆறு பேருக்கு மறுத்தால் பயணமும் குலையும், நட்பும் குலையும்.

## எங்கே போனாலும் இந்தக் கடிதம்

எட்டுக் கிழமைக்கு முன் துறைத் தலைவரின் கடிதத்தலைப்பில் ஒரு பக்கம். ஆட்களின் எண்ணிக்கை, படிக்கும் ஆண்டு, பொறுப்பான ஆசிரியர் பெயர், வரக்கூடிய இரண்டு தேதிகள், தங்குமிடம். அதன்கீழ் அந்த நிறுவனத்திடம் மட்டுமே கேட்கக்கூடிய மூன்று கேள்விகள். "உங்கள் செயற்பாடுகளை அறிய விரும்புகிறோம்" என்ற வரியைப் பார்த்து எவரும் நேரம் ஒதுக்குவதில்லை. "உவர்நிலத்தில் நீங்கள் பயிரிட்ட நெல்லினங்களில் விவசாயிகள் இரண்டாம் போகத்திலும் தொடர்ந்தவை எவை?" என்று கேட்டால், அந்த வேலை செய்தவரிடமே கடிதம் போய்ச் சேரும். ஏழு வேலைநாளில் பதில் இல்லாவிட்டால் தொலைபேசி. பதில் வந்ததும் கடவுச்சீட்டு இலக்கத்தோடு பெயர்ப்பட்டியல். வாசற்காவலுக்கு அதுதான் வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு நிறுவனம், மிஞ்சினால் இரண்டு. மாலை ஐந்துக்குப் பிறகு நண்பர்கள்.

புறப்படும் கிழமையில் வீட்டுக்கு வரும் பொதிகளையும் கவனியுங்கள். பனங்கட்டி, ஒடியல்மா, பருத்தித்துறை வடை, மிளகாய்த்தூள் என்று அயலில் எல்லோரும் "அங்க இருக்கிற மகனிட்டக் குடுத்துவிடு தம்பி" என்பார்கள். ஆளுக்கு இரண்டு கிலோ என்று முன்னரே சொல்லிவிடுங்கள். தைத்தோ ஒட்டியோ வரும் பொதியை அவர்கள் முன்னாலேயே பிரித்து, பார்த்து, நீங்களே திரும்பக் கட்டுங்கள். பிரிக்கவேண்டாம் என்று சொல்பவரின் பொதியை வாங்காதீர்கள்.